தட்டில் வைக்காதவை

காலையில் என்ன சாப்பிட்டீங்க என்று
ஜெயசீலி சிஸ்டர் கேட்டபோது
பேனாவின் மூடி அவர் பல்லிடுக்கில் இருந்தது.
வெளியே தக்காளி லாரி போகும்போதெல்லாம்
இராயக்கோட்டை ஆஸ்பத்திரியின்
எடைக்கருவி முள் லேசாய் நடுங்கும்,
யாரும் ஏறாமலே.

ஒண்ணும் சாப்பிடல என்றேன்.
பொய்யில்லை.
தட்டு போட்டு உட்கார்ந்தால்தானே சாப்பாடு.

ஒண்ணும் சாப்பிடாமலா
இருநூத்தி நாப்பது?

அப்புறம் யோசித்தேன்.
வேன் வந்துவிட்டது என்று
தேஜஸ் போட்டுவிட்டு ஓடிய அரை தோசை.
பால் சட்டியில் ஒட்டிய ஆடை.
கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு
பவ்யா டப்பாவில் திருப்பிக் கொண்டுவந்த
நேற்றைய எலுமிச்சை சாதம்.
பிஸ்கட் பாக்கெட்டின் அடித்தூள்.
மருந்து கசக்காது பார் என்று
நானே முதலில் குடித்துக் காட்டிய
ஒரு மூடி சிரப்.
மாம்பழக் காலமென்றால்
கன்னம் இரண்டும் பிள்ளைகளுக்கு,
கொட்டை எனக்கு.

இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவார், பாவம்.

நாலாம் நாள் யுகாதி.
இந்த வருஷம் ஒப்பட்டு வேண்டாம்,
ஓசூர் பேக்கரியில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்
நைட் ஷிப்டுக்குக் கிளம்பிய முனிரத்தினம்.
கடையில் வாங்கினால் சாறு எப்படி வைப்பது?
விடியுமுன் பருப்பை ஏற்றிவிட்டேன்.

வெந்த தண்ணீரை வடித்து
சாற்றுக்குத் தனியே எடுத்து வைத்தேன்.
வெல்லம் இளகிப் பருப்போடு சேர்ந்து
கரண்டியில் திரண்டு வந்தபோது
கை தானாக வாய்க்குப் போயிற்று.
பாதி வழியில் நிறுத்தினேன்.
இருபது வருஷமாய்
அந்தக் கைக்கு வழி தெரியும்;
திரும்பிப் போகத்தான் தெரியவில்லை.

பவ்யா, கொஞ்சம் வந்து பார்.
போனோடு வந்தாள், போனோடு ருசித்தாள்.
ஏலக்காய் பத்தல, என்றாள்.
பத்தவில்லைதான்.

தோசைக்கல்லில் இரண்டு கிழிந்தன.
பூரணம் வழிந்து கருகி
வீடு முழுக்க அந்த வாசனை.
கிழிந்ததற்கு எங்கள் வீட்டில் கணக்கில்லை.
முழுசாய் வந்தவை எண்ணப்படும்:
மும்தாஜ் வீட்டுக்கு ஆறு,
மண்டிக்காரர் வீட்டுக்கு நாலு,
சாமிக்கு ஒன்று.
கிழிந்ததையும் எண்ணுகிற கருவி ஒன்று
ஆஸ்பத்திரி மேசையில் இருப்பது
இப்போதுதான் தெரியும்.

கம்பெனி பஸ் இறக்கிவிட்டு
குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் தட்டில்
அந்த இரண்டையும் வைத்து
நெய்யை ஊற்றினேன்.
பார்த்தார். பேசாமல் கிழித்தார்.

தேஜஸ்தான் கேட்டான்,
அம்மாவோட ஒப்பட்டு
ஏன் அப்பா தட்டுல இருக்கு?

யாரும் மெல்லவில்லை கொஞ்ச நேரம்.
கிழிந்தவற்றுக்கு
என் பெயர் வைத்திருப்பது
எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்று ஒரு தட்டு போட்டேன்.
எலுமிச்சையளவு ராகிக்களி, சாறு,
அவரைப் பொரியல் நிறைய.
காலையில் சாமிக்கு வைத்த வேப்பம்பூவில்
வெல்லத்தை ஒதுக்கிவிட்டுக் கொஞ்சம்.
முழுசாய் இருந்த ஒப்பட்டு ஒன்றை எடுத்து
நானே நடுவில் கிழித்தேன்.
பாதியை டப்பாவில் போட்டு மூடினேன்.

முதல் வாய் எடுக்குமுன்
அம்மா, என் துண்டு எங்க?

கொடியில கிடக்கு, எடுத்துக்கோ.
உட்கார்ந்தபடியே சொன்னேன்.
எழுந்திருக்கப் பார்த்த முழங்கால்
ஏமாந்துபோய்
மறுபடி மடங்கியது.

அடுத்த மாதம் சிஸ்டர் கேட்டபோது
ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்.
சாயங்காலம் ரயில் ஸ்டேஷன் வரை
மும்தாஜோடு நடப்பதையும்,
அவள் பேச்சில் தூரம் தெரியாததையும்.
எழுதிக்கொண்டார்.
படித்துக் காட்டுங்க என்றேன்.
சிரித்துக்கொண்டே படித்தார்.
நான் தின்றதெல்லாம்
வரிசையாய் நீலமையில் இருந்தது.

இருநூத்திப் பதினொண்ணு.
இன்னும் அதிகம்தான் என்றார்.

தெரியும், சிஸ்டர்.
மாங்காய் இனிமேல்தானே பழுக்கப் போகுது.